எலிக்குட்டி சோதனையும் லாங் சைஸ் நோட்டும்

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் நாலு கம்ப்யூட்டர், நடுவில் மரத் தடுப்பு, மணிக்கு இவ்வளவு என்று ஓடிய கடை. இப்போது ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், ரீசார்ஜ். அவர் மேசை டிராயரில் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. வளையமாதேவி, சோழத்தரம் என்று ஊர் வாரியாகப் பிரித்து, ஆள் பெயர், அப்பா பெயர், ஜிமெயில் முகவரி, பாஸ்வேர்ட், எந்த போன் நம்பர், அந்த போன் இப்போது யார் கையில் இருக்கிறது, எல்லாம் நீல பேனாவில்.

கணினிப் பாதுகாப்பு பற்றி நாலு பக்கம் படித்தவருக்குக்கூட அந்த நோட்டைப் பார்த்தால் வயிறு கலங்கும். எனக்கும் கலங்கியது. ஆனால் இரண்டு மாதமாக, யாருடைய தயவும் இல்லாமல் இணையத்தில் ‘நான் நான்தான்’ என்று நிரூபிக்கும் நெறிமுறைகள் எந்த அளவுக்குப் புழக்கத்துக்கு வந்தன என்று தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓப்பன்ஐடி, பெர்சோனா, இண்டிஆத், டிஐடி என்று ஒரு நீண்ட வரிசை. படிக்கப் படிக்க அந்த நோட்டின் மேல் இருந்த பயம் குறையவில்லை, ஆனால் மரியாதை கூடிவிட்டது. ஏன் என்று சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நம் பழைய கதை ஒன்று. 2004-ல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கிய பிறகு வலைப்பதிவுக்கு வந்தவர்களுக்கு ‘எலிக்குட்டி சோதனை’ என்ற சொல் மறந்திருக்காது. அப்போது பிளாக்கரின் பின்னூட்டப் பெட்டியில் மூன்று வழிகள். பிளாக்கர் கணக்கோடு எழுதலாம். அனானியாக எழுதலாம். ‘அதர்’ என்று ஒன்று உண்டு, அதில் யார் வேண்டுமானாலும் யார் பெயரை வேண்டுமானாலும் அடித்து, எந்த முகவரியை வேண்டுமானாலும் ஒட்டி எழுதலாம். விளைவு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவர் பெயரில் ஆபாசப் பின்னூட்டங்கள் விழுந்தன. நட்புகள் முறிந்தன, சிலர் எழுதுவதையே நிறுத்தினார்கள். மறுமொழி மட்டுறுத்தல் என்ற அழகான சொல் அந்த அசிங்கத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது.

இதில் அதிகம் அடிபட்ட ஒரு மூத்த பதிவர் தனக்கென்று சோதனைகள் வகுத்துக்கொண்டார். பின்னூட்டத்தில் உள்ள பெயரின் மேல் மவுஸை, அதாவது எலிக்குட்டியை, கொண்டுபோய் வையுங்கள். கீழே தெரியும் பிளாக்கர் எண் என்னுடையதா பாருங்கள். கூடவே என் படம் தெரிகிறதா பாருங்கள். என் படத்தைத் திருடி வேறு கணக்குத் தொடங்கினால் எண் மாறும். ‘அதர்’ வழியாக வந்து என் எண்ணை ஒட்டினால் படம் வராது. இவை போதாதென்று மூன்றாவதாக ஒன்று: நான் எங்கே பின்னூட்டமிட்டாலும் அதன் நகலை என் சொந்தப் பதிவிலும் போட்டுவிடுவேன், அங்கே இல்லையென்றால் அது நான் இல்லை.

அந்த நாளில் நான் இதைப் படித்துச் சிரித்திருக்கிறேன். இவ்வளவு பாடா என்று தோன்றியது. இப்போது மூன்றாவது சோதனையைத் திரும்பப் பாருங்கள். ‘இந்த வலைப்பக்கத்தில் எழுத என்னால்தான் முடியும், ஆகவே அங்கே இருப்பதே என் கையெழுத்து.’ ஓப்பன்ஐடியின் கருவும் இதுதான். அமெரிக்காவில் லைவ்ஜர்னலை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2005 மே மாதம் ஓப்பன்ஐடியை முன்வைத்தபோது அவருக்கு இருந்த தலைவலியும் பின்னூட்டம்தான். ஒரு தளத்தில் பதிவு வைத்திருப்பவர் இன்னொரு தளத்தில் மறுமொழி எழுதும்போது, புதிதாகக் கணக்குத் திறக்காமல், தன் பதிவின் முகவரியையே தன் பெயராகக் காட்ட வேண்டும். அவர் நிரலாக எழுதியதை இங்கே ஒருவர் வெட்டி ஒட்டிச் செய்துகொண்டிருந்தார். ஒரே காலம், ஒரே பிரச்சினை, ஒரே தீர்வு. நம்மிடம் நெறிமுறை இல்லை, பிடிவாதம் இருந்தது.

ஓப்பன்ஐடியில் எனக்கு இன்றைக்கும் பிடித்த பகுதி, பொறுப்பை ஒப்படைக்கும் வசதி. உங்கள் வலைப்பதிவின் வார்ப்புருவில், தலைப்பகுதியில், இரண்டு வரி சேர்த்தால் போதும். ‘என்னைச் சரிபார்க்க வேண்டுமானால் இன்ன சேவையிடம் கேளுங்கள்’ என்று அந்த வரிகள் சொல்லும். நாளைக்கு அந்தச் சேவை கடையைச் சாத்தினால் இரண்டு வரியை மாற்றி வேறு சேவைக்குப் போய்விடலாம். பெயர் உங்களுடையதாகவே இருக்கும், காவல்காரர் மட்டும் மாறுவார். இதைவிட எளிமையாக, இதைவிட மானமாக ஓர் அமைப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

2007 டிசம்பரில் ஓப்பன்ஐடி 2.0 வந்தது. அதே சமயத்தில் பிளாக்கர் பின்னூட்டப் பெட்டியிலும் ஓப்பன்ஐடி வந்தது. 2008 ஜனவரியில் யாஹூ தன் 24 கோடியே 80 லட்சம் பயனர்களுக்கும் ஓப்பன்ஐடி தருவதாக அறிவித்தது. அதே ஆண்டு கூகுளும் வந்தது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தொடங்கும்போதே ஓப்பன்ஐடி இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்றது. காகிதத்தில் பார்த்தால் வெற்றி.

ஆனால் இங்கேதான் சூட்சுமம். ‘ஆதரிக்கிறோம்’ என்று அறிவித்த பெரிய கம்பெனிகள் அடையாளம் கொடுக்கத் தயாராக இருந்தன, அடுத்தவர் கொடுத்த அடையாளத்தை வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. யாஹூ முகவரியைக் கொண்டு வேறு தளத்தில் நுழையலாம். வேறு சேவையின் ஓப்பன்ஐடியைக் கொண்டு யாஹூவில் நுழைய முடியாது. ஊரில் எல்லாரும் மொய் வாங்கவே பந்தல் போட்டால் யார் போய் மொய் எழுதுவது? புழக்கத்தை அளக்கிறவர்கள் எத்தனை கோடிப் பேரிடம் ஓப்பன்ஐடி இருக்கிறது என்று எண்ணினார்கள். எத்தனை வாசல்கள் அந்நிய அடையாளத்தை ஏற்றன என்று எண்ணியிருக்க வேண்டும். இன்று புதிதாக வரும் நெறிமுறைகளின் விளம்பரங்களிலும் இதே தப்புக் கணக்கைப் பார்க்கிறேன்.

சிறிய தளங்களுக்கும் இதில் ஆசை குறைவு. ஓப்பன்ஐடியோடு வருகிறவர் ஒரு முகவரியை மட்டும் கொண்டுவருவார். 2008-ல் வந்த ஃபேஸ்புக் கனெக்ட் வழியாக வருகிறவர் பெயர், படம், நண்பர் பட்டியல் எல்லாவற்றோடும் வருவார். கடைக்காரர் எவரை வரவேற்பார்? பயனருக்கும் அப்படித்தான். பெயர் கேட்கிற இடத்தில் வலை முகவரியை அடி என்றால் குழப்பம். நீலப் பொத்தான் ஒன்றை அழுத்து என்றால் வேலை முடிந்தது.

பிறகு ஒவ்வொன்றாக விழுந்தது. மைஓப்பன்ஐடி சேவை 2014 பிப்ரவரியில் மூடப்பட்டது. கூகுள் 2015 ஏப்ரலில் ஓப்பன்ஐடி 2.0-ஐ நிறுத்தியது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2018-ல் கைவிட்டது. நடுவில் மொசில்லா, வலை முகவரி வேண்டாம், மின்னஞ்சல் முகவரியே அடையாளமாக இருக்கட்டும் என்று 2011-ல் கொண்டுவந்த பெர்சோனா, நல்ல யோசனை, 2016 நவம்பர் 30 அன்று அணைந்தது. ஓப்பன்ஐடி என்ற பெயர் மட்டும் சாகவில்லை. 2014-ல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட் இன்று எங்கும் ஓடுகிறது. ‘கூகுள் மூலம் உள்நுழைக’ என்று நீங்கள் அழுத்துவது அதைத்தான். முன்பின் அறிமுகமில்லாத சேவையையும் கண்டுபிடித்துச் சரிபார்க்க அதன் குடும்பத்திலேயே விதிகள் உண்டு. நடைமுறையிலோ ஒவ்வொரு தளமும் கூகுளிடமோ ஆப்பிளிடமோ முன்பே போய்ப் பதிந்து அனுமதி எண் வாங்க வேண்டும். உங்கள் சொந்த முகவரியை அங்கே கொண்டுபோனால் யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். ‘திறந்த’ என்ற சொல் பலகையில் இருக்கிறது, கதவில் இல்லை.

இதுவரை சொன்னது பலரும் எழுதிய காரணங்கள்தான். எனக்கு இது பாதிக் காரணம் என்று படுகிறது. மீதிப் பாதி, சாவி தொலைந்தால் என்ன ஆகும் என்பது.

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். 2008-ல் அந்த அண்ணன் கடையில் உட்கார்ந்து தொடங்கிய என் முதல் வலைப்பதிவு இன்றும் இருக்கிறது, ஆனால் எனக்கு உள்ளே போக வழி இல்லை. பாஸ்வேர்ட் மறந்தது என் தப்பு. மீட்க ஓடிபி அனுப்பட்டுமா என்று கேட்கிறது. அந்த நம்பர் நான் வெளியூரில் வேலை தேடி அலைந்த காலத்தில் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன நம்பர். ஒருநாள் துணிந்து அந்த நம்பருக்குப் போன் செய்தேன். யாரோ ஒரு பெரியவர் எடுத்தார், பின்னால் ஆடு கத்தியது. ஐயா உங்களுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பது? திருடன் என்றுதான் நினைப்பார். வைத்துவிட்டேன். துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் யாருக்கும் தருவதில்லை என்று டிராய் 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 90 நாள்! நம் வங்கி, மின்னஞ்சல், அரசுத் தளம் எல்லாம் வேர் விட்டிருக்கும் மண்ணுக்கு ஆயுள் அவ்வளவுதான்.

அப்படியானால் சொந்த டொமைன் வாங்கிவைத்தால் தப்பிக்கலாமா? பரவலாக்க அன்பர்கள் எல்லாரும் சொல்லும் வழி இது. நல்ல வழிதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் டொமைன் பட்டா நிலம் அல்ல, வருஷக் குத்தகை. இதற்கு உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2012-ல் இந்தியாவில் பிளாக்ஸ்பாட் பதிவுகளைத் திறந்தால் ‘.காம்’ என்பது தானாக ‘.இன்’ என்று மாறத் தொடங்கியது. எத்தனையோ தமிழ்ப் பதிவுகளின் சுட்டிகள் ‘.இன்’ முகவரியோடுதான் நகலெடுக்கப்பட்டுப் பரவின. 2020-ல் அந்த ‘.இன்’ டொமைன் கூகுளின் கையை விட்டுப் போனது, வேறொருவர் பெயருக்கு மாறியது. சுட்டிகள் அத்தனையும் செத்தன. கூகுளுக்கே குத்தகை நழுவும் என்றால், நெய்வேலியில் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டு ஓய்வில் வலைப்பதிவு எழுதும் ஆளுக்கு நழுவாதா?

அடுத்த தலைமுறை நெறிமுறைகள் இந்தக் குத்தகைப் பிரச்சினையைத் தீர்ப்பதாகச் சொல்லித்தான் வந்தன. டிஐடி என்னும் பரவலாக்க அடையாளக் குறியீட்டை டபிள்யூ3சி அமைப்பு 2022 ஜூலையில் பரிந்துரையாக வெளியிட்டது. கூகுளும் ஆப்பிளும் மொசில்லாவும் முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தன, எதிர்ப்பை ஒதுக்கிவிட்டுத்தான் வெளியிட்டார்கள். இதில் நான் எதிர்த்தவர்கள் பக்கம். பெரிய கம்பெனிகள் எதிர்த்தால் அது நல்லதாகத்தான் இருக்கும் என்று ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இங்கே அது பொருந்தாது. டிஐடி ஒரு உறை மட்டும். உள்ளே எந்த முறையை வைத்துச் சரிபார்ப்பது என்பதை ஒவ்வொருவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள், இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள். ஒன்றைப் புரிந்துகொள்ளும் தளம் இன்னொன்றைப் புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. பிளாக்செயினில் எழுதிவைக்கும் முறைகளில் சாவி தொலைந்தால், பெரும்பாலும், தொலைந்ததுதான். பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைத் தாளில் எழுதிப் பத்திரமாக வை என்கிறார்கள். எங்கள் பக்கம் 2015 நவம்பர் மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது எந்தத் தாள் தப்பித்தது?

புழக்கத்துக்கு வந்த ஒரே பெரிய டிஐடி என்று பார்த்தால் புளூஸ்கை. அங்கே ஒவ்வொரு கணக்கும் ஒரு டிஐடிதான், சொந்த டொமைனைப் பெயராக வைத்துக்கொள்ளலாம், திருடு போனால் மேல்நிலைச் சாவி வைத்திருப்பவர் 72 மணி நேரத்துக்குள் மாற்றத்தைத் திருப்பிப்போடலாம். மீட்பைப் பற்றி முன்கூட்டியே யோசித்த வடிவமைப்பு, பாராட்ட வேண்டும். ஆனால் பெரும்பாலோரின் சாவிகள் கம்பெனியின் சர்வரில் இருக்கின்றன, எல்லா அடையாளங்களையும் பட்டியலிடும் ஏட்டையும் அந்தக் கம்பெனி தொடங்கியதுதான். மாஸ்டடான் வேறு வழியில் போனது. உங்கள் சொந்தத் தளத்திலிருந்து மாஸ்டடான் பக்கத்துக்கு ஒரு திரும்புசுட்டி வைத்தால், 2018-லிருந்து, உங்கள் முகவரிக்குப் பக்கத்தில் பச்சை டிக் காட்டுகிறது. அட, மூன்றாவது சோதனை! முதன்முதலில் அந்த டிக்கைப் பார்த்தபோது மறைந்துபோன தமிழ்ப் பதிவுலகம் முழுக்க ஒரு நிமிஷம் கண்ணில் வந்து போனது.

இப்போது உள்ளூருக்கு வருவோம். இந்தியாவில் இணைய அடையாளம் என்றால் நடைமுறையில் ஆதாரும் ஓடிபியும். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் தனியார் கம்பெனிகள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைக் கேட்க வழிவிட்ட பகுதியை உச்ச நீதிமன்றம் வெட்டியது. ஆனாலும் அரசு வேலைகளுக்கு ஒரே வாசல் அதுதான். 2015-ல் வந்த டிஜிலாக்கரில் ஒரு நல்ல கூறு உண்டு. மதிப்பெண் பட்டியலோ ஓட்டுநர் உரிமமோ கொடுத்த துறையின் பொறுப்பிலேயே வந்துசேர்கிறது, சட்டப்படி அசலுக்குச் சமம். பரவலாக்கக்காரர்கள் கனவு காணும் சரிபார்ப்புச் சான்றுக்கு இந்தியாவில் பக்கத்தில் வருவது இதுதான். ஆனால் அந்தப் பெட்டியைத் திறக்கும் சாவி? மறுபடி ஓடிபி.

அண்ணன் கடையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்தேன். பிஎம் கிசான் பணத்துக்கு ஈ-கேஒய்சி செய்ய ஓர் அம்மா வந்தார். ஆதாரில் இணைத்த நம்பர் மகனுடையது, மகன் திருப்பூரில். அண்ணன் மகனுக்குப் போன் போட்டு, ‘தம்பி, அம்மா கடையில இருக்காங்க, நம்பர் வரும், படிச்சு சொல்லு’ என்றார். அவன் மெஷின் சத்தத்துக்கு நடுவில் ஆறு எண்களைக் கத்தினான். முடிந்தது. நெறிமுறை எழுதுகிறவர்கள் இதைப் பார்த்தால் பாதுகாப்பு மீறல் என்பார்கள். நான் பார்த்தது பொறுப்பை ஒப்படைக்கும் அதே வசதி, ஓப்பன்ஐடியின் இரண்டு வரி. ‘என்னைச் சரிபார்க்க வேண்டுமானால் என் மகனிடம் கேளுங்கள்.’ தேவை இருக்கிறது, நாள்தோறும் நடக்கிறது. எந்த அதிகாரபூர்வ அமைப்பிலும் அதற்கு இடம் இல்லாததால் ஓட்டை வழியாக நடக்கிறது.

இது விளையாட்டு இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விட்ட பயிரின் மேல் எந்திரங்கள் இறங்கியதை எல்லாரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். நிலம் போகிற குடும்பத்துக்குப் பட்டா, வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயரே குடும்பப் பெயராக விரிந்திருக்கும். அங்கே ‘நீ நீதான் என்று நிரூபி’ என்பது தத்துவக் கேள்வி இல்லை.

அதனால்தான் அந்த நோட்டு. 2015 வெள்ளத்தில் பழைய நோட்டு ஊறி மை கரைந்துவிட்டதாம். அப்புறம் எப்படி என்று கேட்டேன். ‘ஆளத் தெரியும்ல’ என்றார். யார் எந்தப் பாஸ்வேர்ட் மாதிரி வைப்பார்கள், யாருக்கு எந்த மகன் நம்பர், எல்லாம் அவருக்கு நினைவு இருந்தது. உட்கார்ந்து மறுபடி எழுதினார். பெரிய கம்பெனிகளும் இதே இடத்தில் தடுமாறியிருக்கின்றன. ஃபேஸ்புக் 2013-ல் நம்பிக்கையான நண்பர்கள் சிலரை வைத்துக் கணக்கை மீட்கும் வசதி கொடுத்தது, பிறகு எடுத்துவிட்டது. ஆப்பிள் 2021-ல் மீட்புத் தொடர்பாளர் என்று ஒருவரை நியமிக்கவிட்டது. ஆனால் அவரிடமும் ஆப்பிள் கருவி இருக்க வேண்டும். புதிதாக வந்திருக்கும் பாஸ்கீ பாஸ்வேர்டைவிடப் பல மடங்கு நல்லது, ஃபிஷிங்கில் மாட்டாது. சாவிகளைப் பிரதி எடுத்து வைத்திருப்பதோ பெரும்பாலும் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு. அது போனால் எல்லாம் போச்சு.

நோட்டைக் கொண்டாடச் சொல்லவில்லை. அண்ணன் நல்லவர், அவ்வளவுதான் அதன் பாதுகாப்பு. நாளை கடை கைமாறினால் மூன்று ஊர்க்காரர்களின் பணம் யார் கையில் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. என் புகார் நெறிமுறைக்காரர்கள் மேல். இருபது வருஷமாக உள்ளே நுழைவது எப்படி என்று ஆயிரக்கணக்கான பக்கம் எழுதியவர்கள், தொலைத்தவன் திரும்பி வருவது எப்படி என்பதைப் பின்னிணைப்பில் தள்ளினார்கள். ஜிமெயில் ஜெயித்ததற்குக் காரணம் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?’ என்ற அந்த ஒற்றை வரி. அதைப் பரவலாக்கிய நெறிமுறையை நான் இன்னும் பார்க்கவில்லை. நம்பிக்கையான மூன்று பேரில் இருவர் சொன்னால் சாவி மாறலாம் என்பது கணிதப்படி முடியாததல்ல. ரகசியத்தைப் பங்குபோடும் முறையை ஆதி ஷமீர் 1979-லேயே எழுதிவிட்டார். அந்த மூவரில் ஒருவர் ஸ்மார்ட்போனே இல்லாத அத்தையாக இருக்கலாம் என்று வைத்து வடிவமைக்கத்தான் ஆள் இல்லை.

ஊரிலிருந்து கிளம்பும் முன் என் டொமைன் கணக்கின் மீட்புக் குறியீடுகளை அண்ணன் கடையிலேயே பிரிண்ட் எடுத்தேன். ஒரு நகலை அவரிடமே கொடுத்தேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. நோட்டைப் புரட்டி என் பெயரில் புதுப் பக்கம் போட்டு, தாளை ஸ்டேப்ளர் அடித்துவிட்டு, ‘நம்பர் மாத்தினா சொல்லு’ என்றார்.